கறுப்பு நாடா முதல் கணிப்பொறித் திரை வரை

பழுதாகி மூலையில் கிடக்கும் ஒரு வானொலிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் ஒரு பலகை தெரியும். அதன் ஒரு பக்கத்தில் மின்தடைகளும் மின்தேக்கிகளும் டிரான்சிஸ்டர்களும் வரிசையாக நிற்கும். மறுபக்கம் திருப்பினால், வயல்வெளிக்குப் பாயும் வாய்க்கால்களைப் போலத் தாமிரக் கோடுகள் ஓடுவதைக் காணலாம். கம்பிகள் செய்ய வேண்டிய வேலையை அந்தக் கோடுகளே செய்கின்றன. இதனை அச்சுச் சுற்றுப்பலகை என்பர். கடைத்தெருவில் பி.சி.பி. என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்தக் கோடுகளை வரைந்தவர் யார்? எதைக் கொண்டு வரைந்தார்? இன்று இதற்கு விடை எளிது. கணிப்பொறியில் நிறுவிய ஒரு மென்பொருளைக் கொண்டு வரைகிறார்கள். பெரும்பாக்கத்தில் வசிக்கும் ஒரு மாணவர், இணையச் செலவு தவிர வேறு காசு கொடுக்காமல், அத்தகைய மென்பொருளை ஒரே மாலைப் பொழுதில் தம் கணிப்பொறியில் நிறுவிக் கொள்ளலாம்.

இந்த நிலை தானாக வந்துவிடவில்லை. வரைகருவி யாரிடம் இருந்ததோ அவரால்தான் ஒரு மின்னணுச் சாதனத்தை வடிவமைக்க முடிந்தது. மற்றவர்கள் பிறர் வடிவமைத்ததைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் மட்டுமே முடிந்தது. அக்கருவி பூட்டிய அறைகளிலிருந்து மாணவரின் மேசைக்கு வந்து சேர்ந்த வரலாற்றையும், வந்தபின் அதை எவ்வாறு அமைத்துக் கொள்வது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கம்பிக் காட்டிலிருந்து அச்சுக்கு

வால்வு வானொலிகளின் காலத்தில் உறுப்புகளை ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, அவற்றைக் கம்பிகளால் ஒவ்வொன்றாக இணைப்பார்கள். ஒரு வானொலியில் நூற்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் இருக்கும். ஒரு கம்பி இடம் மாறினாலும் வானொலி பேசாது.

வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளர், 1936இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். மின் இணைப்புகளைப் புத்தகத்தைப்போல அச்சிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. மின்கடத்தாப் பலகையின்மேல் மெல்லிய தாமிரத் தகட்டை ஒட்ட வேண்டும். வேண்டிய இடங்களை மறைத்து, வேண்டாத தாமிரத்தை இரசாயனக் கரைசலில் கரைத்துவிட வேண்டும். எஞ்சி நிற்பவையே இணைப்புகள். இம்முறையில் அவர் ஒரு வானொலியையே செய்து காட்டினார். ஆயினும் தொழிற்சாலைகள் உடனே ஏற்கவில்லை. கம்பி இணைக்கும் வேலையைப் பெண் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்குச் செய்து தருகையில் புதிய முறை எதற்கு என்பதே அன்று அவருக்குக் கிடைத்த பதிலாகச் சொல்லப்படுகிறது.

இரண்டாம் உலகப்போர் இந்த எண்ணத்தை மாற்றியது. இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் பீரங்கிக் குண்டுகளில் ஒரு சிறு வானொலிச் சுற்று தேவைப்பட்டது. பீரங்கியிலிருந்து பாயும்போது ஏற்படும் அதிர்ச்சியைச் சாதாரணக் கம்பிச் சுற்று தாங்காது; அச்சிட்ட சுற்று தாங்கியது. 1948இல் அமெரிக்க அரசு இந்தத் தொழில்நுட்பத்தைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. 1950களில் டிரான்சிஸ்டர் வானொலியோடு சேர்ந்து சுற்றுப்பலகையும் வீடுகளுக்குள் நுழைந்தது.

நாடா ஒட்டிய காலம்

பலகையை அச்சிடுவதற்கு முன்னால் படம் வேண்டுமல்லவா? அந்தப் படத்தைத் தயாரித்தவர்களின் உழைப்பைக் கேட்டால் வியப்பீர்கள்.

அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல், வெப்பத்தில் சுருங்காத பாலியெஸ்டர் படலத்தை விரிப்பார்கள். உறுப்புகளின் கால்கள் வர வேண்டிய இடங்களில் கறுப்பு வட்டங்களை ஒட்டுவார்கள். வட்டத்துக்கு வட்டம் கறுப்பு நாடாவை வளைத்து ஒட்டிக் கோடுகளை உருவாக்குவார்கள். படம் உண்மை அளவைப்போல இரண்டு அல்லது நான்கு மடங்கு பெரிதாக இருக்கும். பிறகு பெரிய ஒளிப்படக் கருவியால் அதைச் சுருக்கிப் படம் எடுப்பார்கள். இரு மடங்கு வரைந்து பாதியாகச் சுருக்கினால், நாடா ஒட்டியதில் நேர்ந்த 0.4 மி.மீ. பிழையும் 0.2 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். பெரிதாக வரைந்ததன் காரணம் இதுவே.

நம் நாட்டிலும் இம்முறையே பயின்று வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல், ஸ்விட்சர்லாந்து நாட்டின் ஒத்துழைப்புடன் மின்னணு வடிவமைப்புத் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டது. சுற்றை எழுதத் தெரிந்தால் போதாது, அதைப் பொருளாகச் செய்யவும் தெரிய வேண்டும் என்பது அம்மையத்தின் நோக்கம். அங்கு பணியாற்றிய வால்ட்டர் பாஸ்ஹார்ட் எழுதிய அச்சுச் சுற்றுப்பலகை பற்றிய நூல் 1983இல் இந்தியாவில் வெளிவந்தது. நம் பொறியியல் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தனர்.

நாடா முறையில் ஒரு பெருங்குறை உண்டு. ஓர் உறுப்பை ஒரு சென்டிமீட்டர் நகர்த்த வேண்டுமானால், அதைச் சூழ்ந்த நாடாக்களை எல்லாம் உரித்து மீண்டும் ஒட்ட வேண்டும். திருத்தம் என்பதே தண்டனையாக இருந்தது.

ஒளியால் வரைந்த எந்திரம்

அடுத்த படியை எடுத்து வைத்தவரும் வியன்னாவில் பிறந்தவரே. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1940இல் அமெரிக்கா சென்று சேர்ந்த ஜோசப் கெர்பர், 1948இல் ஒரு கருவி நிறுவனத்தைத் தொடங்கினார். 1960களில் அவருடைய நிறுவனம் ஒளியால் வரையும் எந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு வட்டத் தகட்டில் பல அளவுகளில் துளைகள் இருக்கும். விளக்கின் ஒளி ஒரு துளை வழியாகச் சென்று ஒளிப்படச் சுருளின்மேல் விழும். ஒளியைத் திறந்தபடி நகர்த்தினால் கோடு. ஓரிடத்தில் நிறுத்தி மின்னவிட்டால் வட்டம்.

எந்தத் துளை, எந்த இடம், ஒளி திறந்தா மூடியா என்பதை எண்களாக எழுதித் தருவதே எந்திரத்துக்குத் தரும் கட்டளை. இதற்கென 1980இல் வெளியான கெர்பர் முறை உலகெங்கும் பரவியது. அதில் ஒரு சிக்கலும் இருந்தது. எந்த எண் எந்த அளவுத் துளையைக் குறிக்கிறது என்ற பட்டியல் தனிக் கோப்பாக இருந்தது. பட்டியல் தொலைந்தால் படம் இருந்தும் பயனில்லை. அதனால் 1998இல் வந்த விரிவான கெர்பர் முறையில் பட்டியலையும் படத்தோடு சேர்த்துவிட்டனர். இன்றும் பலகை செய்பவரிடம் நாம் கொடுப்பது பெரும்பாலும் கெர்பர் கோப்பையே.

வெள்ளம் வழி காணும் விதம்

கோடுகளை வரைய எந்திரம் வந்துவிட்டது. எந்த வழியாக வரைவது என்பதையும் கணிப்பொறியே கண்டுபிடிக்குமா? 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சி. ஒய். லீ இதற்கு ஒரு வழிமுறையை வெளியிட்டார். அதை விளக்கப் பெரும்பாக்கத்து மழைக்காலமே போதும்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி இது. கன மழையில் ஒரு தெருவில் ஏறும் நீர் எல்லாத் திசைகளிலும் பரவும். சுவர் இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகும். கடைசியில் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடையும். நிலம் சமமாகவும் நீர் ஒரே வேகத்திலும் பரவினால், ஓர் இடத்துக்கு முதலில் வந்து சேரும் நீர் மிகக் குறுகிய வழியில்தான் வந்திருக்க வேண்டும்.

லீயின் முறை அதுவே. பலகையைச் சிறு சதுரங்களாகப் பிரியுங்கள். புறப்படும் சதுரத்தைச் சூழ்ந்தவற்றுக்கு 1 என்று எண் இடுங்கள், அவற்றை அடுத்துள்ள காலிச் சதுரங்களுக்கு 2, அடுத்தவற்றுக்கு 3. ஏற்கெனவே கோடு ஓடும் சதுரங்கள் சுவர்கள். அவற்றைத் தொட வேண்டாம். சேர வேண்டிய சதுரத்தை எண் எட்டியதும், அங்கிருந்து இறங்கு வரிசையில் பின்னோக்கி நடந்து வாருங்கள். அதுவே வழி. வழி ஒன்று இருந்தால் இம்முறை அதைத் தவறாமல் கண்டுபிடிக்கும்.

இதற்குக் கணிப்பொறியின் நினைவகம் தாராளமாக வேண்டும். 100 மி.மீ. அகலமும் 160 மி.மீ. நீளமும் உள்ள பலகையை எடுத்துக்கொள்வோம். பழைய ஐ.சி.களின் கால்களுக்கு இடையே உள்ள தூரம் 2.54 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அதில் பாதி அளவுள்ள சதுரங்கள் என்றால், ஒரு பக்கத்துக்குச் சுமார் 10,000 சதுரங்கள் வரும். சதுரத்தின் அளவை 0.1 மி.மீ. ஆக்கினால் எண்ணிக்கை 16 இலட்சம் ஆகிவிடும்! 1981இல் வந்த ஐ.பி.எம். மேசைக் கணிப்பொறியில் நிரல்களுக்குக் கிடைத்த நினைவகம் அதிகபட்சம் 640 கிலோபைட்டுதான். அன்றைய மென்பொருள்கள் கட்டங்களைப் பெரிதாக வைத்துக்கொண்டது ஏன் என்பது இப்போது விளங்கும்.

மேசைக்கு வந்தது, பூட்டோடு வந்தது

அதுவரை வடிவமைப்புக்கான கணிப்பொறிகள் குளிரூட்டிய அறைகளில் இருந்தன. பெரிய நிறுவனங்களும் பாதுகாப்பு ஆய்வகங்களுமே அவற்றை வாங்க முடிந்தது. மேசைக் கணிப்பொறி வந்தபின் நிலைமை மாறியது. 1985இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் நிக் மார்ட்டின் தொடங்கிய புரோட்டெல், அதே ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தோன்றிய ஆர்கேட், 1988இல் ஜெர்மனியில் வெளியான ஈகிள் ஆகியவை மேசைக் கணிப்பொறியில் ஓடக்கூடிய வடிவமைப்பு மென்பொருள்கள். இந்தியாவில் 1984 நவம்பரில் வந்த புதிய கணிப்பொறிக் கொள்கை, கணிப்பொறிகளின் இறக்குமதியையும் உற்பத்தியையும் எளிதாக்கியது. மெல்ல மெல்ல இந்த மென்பொருள்களும் இங்கு வந்து சேர்ந்தன.

ஆனால் அவை பூட்டோடு வந்தன. சிலவற்றுக்குக் கணிப்பொறியின் பின்புறம் ஒரு சிறு சாவிக் கட்டையைச் செருக வேண்டும். அது இல்லாவிட்டால் நிரல் திறக்காது. சிலவற்றுக்கு உரிம எண் வேண்டும். மாணவர் வாங்கக்கூடிய விலையில் அவை இல்லை. விளைவு என்ன? திருட்டு நகல்கள் பெருகின. திருட்டு நகலில் பயின்றவர் தொழில் தெரிந்தவராக வெளியே வந்தார்; ஆனால் அவர் தம் பெயரில் ஒரு பொருளை வடிவமைத்து விற்க நேர்மையான கருவி அவரிடம் இல்லை. நகலோடு சேர்ந்து கணிப்பொறிக்குள் புகுந்த வைரஸ்கள் தனிக் கதை.

விலை மட்டுமே பூட்டு என்று நினைக்க வேண்டாம். ஈகிள் மென்பொருளின் இலவசப் பதிப்பை உலகெங்கும் மாணவர்கள் பயன்படுத்தினர். அதில் பலகையின் அளவு 100 மி.மீ. × 80 மி.மீ. அளவைத் தாண்டக் கூடாது. 2016இல் அதனை ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டில் சந்தா முறை வந்தது. 2026 ஜூன் 7ஆம் நாளோடு ஈகிளை நிறுத்திவிடுவதாக 2023இல் அறிவிப்பு வந்தது. நிறுவனத்துக்கு அந்த உரிமை உண்டு. இருபது ஆண்டுகளாக அதில் வரைந்தவர்களின் படங்கள் என்னாவது? 2012 முதல் ஈகிள் தன் கோப்புகளைப் பிறர் படிக்கக்கூடிய எழுத்து வடிவில் சேமித்து வந்தது. அதனால்தான் மற்ற மென்பொருள்கள் அப்படங்களைத் திறக்க முடிகிறது.

ஓர் ஆசிரியர் எழுதிய மென்பொருள்

1992இல், பிரான்சின் கிரெனோபிள் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்த ஜான் பியேர் ஷராஸ், கிகேட் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். சுற்றுப்படம் வரைதல், பலகை அமைத்தல், கெர்பர் கோப்பு எழுதுதல் எல்லாம் அதில் உண்டு. மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு அது வெளிவந்தது.

ஜெனீவாவில் உள்ள செர்ன் அணு ஆய்வு மையத்தை இயற்பியல் மாணவர்கள் அறிவார்கள். தன் கருவிகளின் வடிவமைப்புகளை உலகோடு பகிர்ந்துகொள்ள அம்மையம் விரும்பியது. படத்தைக் கொடுத்தாலும், அதைத் திறக்கும் மென்பொருள் விலை மிகுந்ததானால் பகிர்ந்ததாகுமா? எனவே 2013 முதல் செர்ன் கிகேட்டின் வளர்ச்சியில் பங்கெடுத்தது. புதிய கோடு வரும்போது பழைய கோடுகள் தாமே விலகி வழிவிடும் வசதியை அங்குள்ள பொறியாளர்கள் எழுதிச் சேர்த்தனர். நாடாவை உரித்து ஒட்டிய காலத்தை எண்ணிப் பாருங்கள்!

நம் ஊர்ப் பக்கம்

தாம்பரம் வட்டாரத்துக்கு மின்னணுவியல் புதியதன்று. குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழில்நுட்ப நிறுவனமான எம்.ஐ.டி., நாட்டிலேயே மின்னணுவியலைத் தனிப் பாடமாகக் கற்பித்த முன்னோடிகளுள் ஒன்று. எழுத்தாளர் சுஜாதா அங்குப் பயின்றவர். பின்னர் பெல் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். தாம்பரத்தில் 1984இல் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. மின்னணுப் பொருள்கள் செய்யும் நிறுவனங்களும் அங்கு வந்தன.

கட்டற்ற மென்பொருளுக்கும் இவ்வட்டாரத்தில் வேர் உண்டு. 2005இல் அமைந்த தேசியக் கட்டற்ற மென்பொருள் வள மையத்தை, சென்னை சி-டாக் நிறுவனமும் எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் இணைந்து நடத்தின. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் இயக்க முறைமை 2007இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கத்தில், விண்டோஸுடன் பாஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. பாஸின் மூலமான டெபியன் லினக்ஸின் மென்பொருள் தொகுப்பில் கிகேட் அப்போதே இடம்பெற்றிருந்தது. ஆக, அரசுப் பள்ளியில் படித்த ஒரு மாணவரின் மடியிலேயே பலகை வடிவமைக்கும் வாய்ப்பு இருந்தது. அதை எத்தனை பேரிடம் நாம் எடுத்துச் சொன்னோம்?

மும்பை ஐ.ஐ.டி.யின் பாஸ்ஸி திட்டத்தினர், கிகேட்டையும், சுற்றைச் சோதிக்கும் என்ஜி-ஸ்பைஸையும் இணைத்து இ-சிம் என்ற மென்பொருளை உருவாக்கினர். அங்குப் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தொடங்கிய பேசும் பாடங்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் ஒலிக்கின்றன. ஆங்கிலம் தடையாக இருக்கும் மாணவர்களுக்கு இவை பெரிதும் உதவும்.

நிறுவியபின் என்ன செய்வது?

மென்பொருளை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே பெறுங்கள். விண்டோஸுக்கான கிகேட் தொகுப்பு ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும். உறுப்புகளின் நூலகங்களும் முப்பரிமாண உருவங்களும் அதில் அடங்கும். லினக்ஸில் மென்பொருள் மேலாளரிடம் கிகேட் என்று தேடினால் போதும். முதன்முறை திறக்கும்போது நூலகப் பட்டியலை எவ்வாறு அமைப்பது என்று கேட்கும். இயல்பான பட்டியலையே ஏற்றுக்கொள்ளுங்கள். அதைத் தவிர்த்துவிட்டால், ஒரு மின்தடையைத் தேடினாலும் திரை காலியாகவே இருக்கும்.

இனிமேல்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது, கால்தடம். ஓர் உறுப்பின் கால்கள் பலகையில் பதியும் இடங்களின் அமைப்பைக் கால்தடம் எனலாம். பிசி 547, 2என் 3904 என்ற இரு டிரான்சிஸ்டர்களும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். தட்டையான முகம் நம்மை நோக்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், முதலாவதன் கால்கள் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். இரண்டாவதில் எமிட்டர், பேஸ், கலெக்டர். இதைப் பார்க்காமல் ஒன்றுக்கு மற்றொன்றின் கால்தடத்தை வைத்தால், படம் திரையில் அழகாக இருக்கும். பலகை வேலை செய்யாது. எனவே ரிச்சி தெருவில் உறுப்பை வாங்கியபின், பலகையின் படத்தை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, உறுப்பை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, கோட்டின் அகலம். சாதாரணப் பலகையில் தாமிரத்தின் தடிமன் 35 மைக்ரான். 100 மி.மீ. நீளமும் 0.5 மி.மீ. அகலமும் உள்ள கோட்டின் மின்தடை என்ன? தாமிரத்தின் தன்மின்தடை 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். அதை நீளத்தால் பெருக்கிக் குறுக்குப் பரப்பால் வகுத்தால், ஏறத்தாழ 0.1 ஓம் கிடைக்கும். அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட் இழப்பு, 0.4 வாட் வெப்பம். மின்வழங்கும் கோடுகளை அகலமாக வரைய வேண்டியது ஏன் என்று பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலே சொல்லிவிடுகிறது. பலகை செய்பவர் எவ்வளவு மெல்லிய கோட்டைச் செய்ய முடியும், கோடுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை முதலில் கேட்டு, அந்த எண்களை விதிகளாக மென்பொருளில் பதிந்துவிடுங்கள். விதி மீறினால் அது எச்சரிக்கும். விதியே தவறென்றால் அதற்குத் தெரியாது.

மூன்றாவது, பதிப்பு. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. கல்லூரி ஆய்வகத்துக் கணிப்பொறிகளிலும் மாணவர் வீட்டிலும் ஒரே பதிப்பு இருப்பது நல்லது. கிகேட் கோப்புகள் எழுத்து வடிவில் அமைந்தவை. சாதாரண எழுத்துத் திருத்தியிலும் திறந்து படிக்கலாம். ஒரு நிறுவனத்தின் முடிவால் அவை ஒருநாள் ஊமையாகிவிடா. நீங்கள் திருத்திய நூலகத்தையும் விதிகளையும் படத்தோடு ஒரே கோப்புறையில் வைத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கெர்பர் முறையில் துளைப் பட்டியல் தொலைந்த கதை உங்களுக்கு நேர வேண்டாம்.

தொடங்குவதற்குப் பெரிய திட்டம் ஏதும் தேவையில்லை. 1972இல் வெளிவந்து இன்றும் விற்பனையாகும் 555 ஐ.சி. ஒன்று, இரண்டு மின்தடைகள், ஒரு மின்தேக்கி, விளக்கு டையோடு ஒன்று, அதற்கென ஒரு மின்தடை ஆகியவை கொண்ட கண்சிமிட்டும் விளக்கை வரையுங்கள். ஒரு பக்கத் தாமிரப் பலகை போதும். ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரிக்கும்போது கையுறை அணியுங்கள்; கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பலகையின் ஓரத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் தாமிரத்திலேயே பதித்துக்கொள்ளவும் மென்பொருளில் வசதி உண்டு. அதையும் மறவாமல் செய்யுங்கள்.